ஜனவரி வரை தாங்குவாரா?

டிசம்பர் பதினெட்டு. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் லோவெல் ஹஸ்கின்ஸின் எதிரே வந்து உட்கார்ந்தாள் வெர்னா டாலிவர். ஒரு டப்பா ஓட்ஸ் குக்கீஸை மேஜைமேல் வைத்தாள்.

"ஒரு சந்தேகம் மிஸ்டர் ஹஸ்கின்ஸ். எங்க வீட்டுக்காரர் எர்ல் செத்துட்டா எனக்கு வரி எவ்வளவு ஏறும்?"

லோவெல் பேனாவை மூடினார். "ஏம்மா, எர்ல் நல்லாத்தானே இருக்கார்?"

"அவருக்கென்ன குறைச்சல். நீங்க வரியைச் சொல்லுங்க."

"இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கணக்கா தர்றீங்க. பன்னிரண்டு சதவீதத்தோட நின்னுடுது. ஒத்தை ஆளாயிட்டா இருபத்திரண்டுக்குப் போயிடும்."

"மொத்தப் பணத்துக்குமா?" அவள் முகத்தில் முதல்முறையாகத் துக்கம் தெரிந்தது.

"இல்லம்மா. எல்லையைத் தாண்டுற பணத்துக்கு மட்டும்."

"சரி, இந்த மாசமே போயிட்டார்னா?"

"இந்த வருஷத்தோட கூட்டுக் கணக்கு முடிஞ்சது."

"ஜனவரி ரெண்டாம் தேதி போனா?"

வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. "அடுத்த வருஷம் முழுக்கவும் கூட்டுக் கணக்குதான்."

"அப்ப ஜனவரி ரெண்டே இருக்கட்டும். வியாழக்கிழமை. எனக்கும் அன்னிக்கு வேற சோலி இல்லை."

அவள் போனதும் லோவெலுக்கு வியர்த்தது. வரியைக் குறைக்கக் கல்யாணம் செய்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறார். அதற்காகவே பிள்ளை பெற்றவர்களையும் பார்த்திருக்கிறார். புருஷனுக்குத் தேதி குறித்தவளை இப்போதுதான் பார்க்கிறார். அதுவும் தன் ஆலோசனையின்பேரில்.

குக்கீஸைக் குப்பையில் கொட்டினார். ஷெரீப் ஆபீசுக்கு போன் போட்டார். "உடனே போங்க. எர்லுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் ஆயுசு."

சாயங்காலம் ஷெரீப்பின் உதவி அதிகாரி டெபுடி ரஸ் நேரிலேயே வந்தார்.

"எர்லைக் காப்பாத்திட்டீங்களா?"

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு சார்."

"ஐயோ. கொன்னுட்டாளா?"

"கொலையெல்லாம் இல்லை. டி.வி. பார்த்துக்கிட்டிருக்கும்போது மாரடைப்பாம். நாலு வருஷம் முன்னால. பென்ஷனும் போயி, வரியும் ஏறிடுமேன்னு அந்தம்மா ஆளைக் வீட்டு நிலவறை ஃப்ரீசர்ல வெச்சிருக்காங்க. வெளியில எடுக்க நல்ல நாள் எதுன்னு கேக்கத்தான் உங்ககிட்ட வந்தாங்களாம்."

டெபுடி கடந்த நான்கு வருட வரிப் படிவங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

நான்கிலும் எர்ல் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, 'எனக்குத் தெரிந்தவரை அனைத்தும் உண்மை' என்று லோவெலும்.