இறங்காத பாடம்

விடுதி விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: படிப்பு எத்தனை சதவீதம், அரட்டை எத்தனை சதவீதம்? பொன்னுரங்கம் மகளைக் கேட்காமலேயே தொண்ணூற்றைந்துக்கு ஐந்து என்று போட்டார். அந்த ஐந்தும் எதற்கு என்பது அவர் கட்சி.

முதலாண்டு மாணவியான மகள் தாரிகாவின் கையில் ஒரு வளையத்தை மாட்டினார்கள். அது அவள் பேச்சையெல்லாம் கேட்கும். அன்றைய அரட்டை தீர்ந்துவிட்டால் போனைத் துண்டிக்கும். மெஸ்ஸிலும் அவளைத் தனித் தடுப்புக்குள் உட்கார வைத்தார்கள்.

முதல் வாரம் அம்மா வினோதா போனில், "சாப்ட்டியா கண்ணு?" என்றதுமே இணைப்பு அறுந்தது. சாப்பாட்டு விசாரிப்பும் அரட்டையாம்; அன்றைய ஐந்தோ முன்பே தீர்ந்திருந்தது. பொன்னுரங்கத்துக்கு விடுதியின் மேல் மரியாதை கூடிவிட்டது. "இத்தன வருஷமா நமக்கு இது தோணல பாரு" என்றார்.

அடுத்த வாரம் வினோதா யோசித்து வைத்துக்கொண்டு கேட்டாள். "கண்ணு, மாவுச்சத்துப் பாடம் படிச்சியா?"

இணைப்பு அறவில்லை. தாரிகா, "ரெண்டு நாளா படிக்கலம்மா. தடுப்புக்குள்ள தனியா உக்காந்தா இறங்கவே மாட்டேங்குது" என்றாள்.

வினோதாவுக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது சொன்னால் வளையத்துக்கும் புரிந்துவிடுமென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தார். "பாடம் மண்டைல ஏறும். எங்கயாவது இறங்குமா? இவ தமிழ்லயும் வீக்கு."

அன்றே விடுதிக்கு எழுதித் தொண்ணூற்றைந்தைத் தொண்ணூற்றெட்டாக்கினார். கூடிய மூன்றையும் தமிழுக்கு ஒதுக்கச் சொன்னார்.