டாக்டரின் ஒத்திகை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. இரைஞ்சு சொன்னா டாக்டர் காதுல விழுந்துடும். பாவம், நல்ல மனுஷன்.

பக்கவாதம் ஆணை எப்படித் தாக்குது, பெண்ணை எப்படித் தாக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவர் அவர். மறுநாள் பெரிய கூட்டத்தில் பேச்சு. மாடி அறையில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பெண் வந்து கை மரத்துப்போச்சு என்றால் நாம் என்ன சொல்கிறோம்? களைப்பு என்கிறோம். மனசுதான் காரணம் என்கிறோம். இது அநியாயம்..."

கதவு திறந்தது. மனைவி.

"என்னங்க, வலது கை மரத்த மாதிரி இருக்கு. டம்ளர் நழுவி விழுந்துடுச்சு."

"காலையிலேருந்து துணியோட மல்லுக்கட்டினியே, அந்தக் களைப்புதான். போய்ப் படு."

"நாக்கும் கொஞ்சம் தடுமாறுது."

"கூட்டம் எனக்கு, படபடப்பு உனக்கா? மனசைப் போட்டு அலட்டிக்காதே. கதவைச் சாத்திட்டுப் போ."

அவள் இடது கையால் கதவைச் சாத்திவிட்டுக் கீழே போனாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்தைப் பிடித்தார். "இது அநியாயம்..."

போன் அடித்தது. கீழ்வீட்டில் குடியிருக்கும் மச்சினன்.

"அத்தான், எனக்கு வலது கை மரத்துப்போச்சு. டம்ளர் நழுவுது. நாக்கு வேற தடுமாறுது."

டாக்டர் பேச்சுத் தாளைக் கீழே போட்டார்.

"ஆடாம அசையாம உக்காருடா. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காதே. இதோ வந்துட்டேன்."

அடுத்த போன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. "பக்கவாதம் மாதிரி இருக்கு. ஸ்கேன் அறையைக் காலி பண்ணி வைங்க. எங்க வீட்டு ஆளு."

ஒரு செருப்பை மாடியிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

கார்ப் பக்கத்தில் மச்சினன் குத்துக்கல்லாட்டம் நின்றிருந்தான். பின்கதவை வேறு திறந்து பிடித்திருந்தான், அதே வலது கையால்.

"டேய், உனக்குக் கை..."

"அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன் அத்தான். கை அவளோடது."

உள்ளே, மடியில் பையோடு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கேன் அறை காலிதானே?" நாக்குத் தடுமாறத்தான் கேட்டாள்.

டாக்டர் தலையை ஆட்டினார்.

"அப்ப வண்டியை எடுங்க. மிச்சப் பேச்சைப் போற வழியில சொல்லுங்க, நான் கேட்கிறேன்."

சொல்லிவிட்டு, இடது கையால் இந்தக் கதவையும் அவளே சாத்தினாள்.