ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கடி

ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்குள் இரண்டு ராமபாணப் பூச்சிகள் குடியிருந்தன.

பெரிய பூச்சிக்கு நடுப்பக்கம்தான் பிடிக்கும். தீப்பற்றி எரியும் கப்பலிலிருந்து நாயகன் வாளோடு பாய்வான். இரண்டு பக்கம் முழுக்க ஒரே படம், வண்ணத்துக்குக் குறைவே இல்லை. மூன்று நாளில் பாதிக் கப்பலைத் தின்று தீர்த்தது.

சின்னப் பூச்சிக்குச் சாயம் ஒத்துக்கொள்ளாது. அது ஒன்பதாம் பக்கத்துக்குப் போய், கறுப்பு வெள்ளையில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் கடித்தது. ஊரைவிட்டுப் போகும் நாயகனுக்கு அவன் அக்கா கரையில் நின்று கையசைக்கும் கட்டம் அது.

"அதுல என்ன ருசி இருக்கு மாப்ள?" என்று பெரியது சிரித்தது.

மறுநாள் காலை, புத்தகத்தின் சொந்தக்காரி மரகதம் அதைப் பிரித்தாள். நடுப்பக்கம்தான் முதலில் விரிந்தது. ஓட்டைக் கப்பலைப் பார்த்து "ச்சு" என்றாள், அவ்வளவுதான். பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

பின்னால் தாள் ஒட்டி, ஓட்டை விழுந்த இடத்தில் பென்சிலால் வரைந்தாள். அழித்தாள். மறுபடி வரைந்தாள். நாலு தடவை ஆகியும் அக்காவின் அந்த முகம் திரும்ப வரவில்லை. எழுந்து போய் அந்துருண்டை டப்பாவோடு வந்தாள்.

இரண்டு பூச்சிகளும் அலமாரியைவிட்டு ஓடின. பெரியதுக்கு மூச்சு வாங்கியது.

"நான் பாதிக் கப்பலையே தின்னேன், அவ சும்மாதான் இருந்தா. நீ அப்படி என்னத்தடா தின்னே?"

"கடுகளவுகூட இருக்காது மச்சான். அழாம சிரிக்கப் பார்த்த உதட்டோரம்."