கறுக்காத பாட்டில்

வாளி கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாம் வகுப்பே காலனிக்கு வந்திருந்தது. ஊர்த்தெருப் பிள்ளைகள்கூட, ஆளுக்கொரு குடத்தோடு.

காலனித் தண்ணீர் அவர்கள் வீட்டு ஆட்கள் வாயில் இதுவரை பட்டதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. ஒருத்தி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. உயிர்ப்பயம் வந்துவிட்டால் எந்தப் பெரிய வழக்கமும் வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

வரிசைக்கு முன்னால் ஜெயசுதா டீச்சர். கையில் அந்தப் பாட்டில்.

விரல் நீளப் பாட்டில்தான். உள்ளே மருந்து தடவிய ஒரு தாள். தண்ணீர் பிடித்து இரண்டு நாள் வைத்தால், கிருமி இருக்கிற தண்ணீர் கறுத்துவிடும். ஊரில் தண்ணீர் எடுக்கும் இடம் ஏழு. ஏழு பிள்ளைகளிடம் ஏழு பாட்டில் கொடுத்தார் டீச்சர்.

காலனிக் கிணறு அவள் பொறுப்பு.

இன்று காலையில் பார்த்தால் ஆறு பாட்டிலும் மையாகக் கறுத்துக் கிடந்தன. மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடக் குழாய், கோயில் கிணறு, ஒன்று பாக்கியில்லை.

அவளுடையது மட்டும் பளிச்சென்று இருந்தது.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டியைக் கழுவி மருந்து போடும்வரை எல்லாருக்கும் காலனிக் கிணறுதான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். வகுப்பே கை தட்டியது.

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி, வாயே வரவில்லை.

அந்தப் பாட்டிலில் இருந்தது கிணற்றுத் தண்ணீரே இல்லை. தலைமையாசிரியர் அறையில் இருக்கும் கேன் தண்ணீர். யாரும் பார்க்காதபோது பிடித்துவிட்டாள்.

ஏழில் தங்களுடையது மட்டும் கறுத்துவிட்டால்?

அந்த ஒரு பயம்தான். மற்ற ஆறும் கறுக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கிணறு நல்லதா கெட்டதா, இப்போதும் அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. போன மழையில் சாக்கடை கிணற்றோரம் வரை வந்து நின்றது. அது மட்டும் தெரியும்.

இறைத்துக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா.

சேதி கேட்டு, களையெடுப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தவள். பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சொம்பைப் பரணிலிருந்து இறக்கியிருந்தாள். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட இன்றுதான் உரித்தாள்.

அம்மா இப்படிச் சிரித்து அவள் பார்த்ததேயில்லை.

வாளி மேலே வந்தது.

சொம்பு நிறைந்தது.

வரிசையில் முதலில் நின்றவள் தர்ஷிகா. ஊர்த்தலைவர் வீட்டுப் பெண். அம்மா சொம்பை நீட்டினாள். நீட்டிய கை லேசாகத் தயங்கியதை அவள் பார்த்தாள்.

தர்ஷிகா தயங்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினாள். வெயிலில் நடந்து வந்த தாகம். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக்கூட இல்லை, வாய் வைத்தே குடிக்கப் போனாள்.

அம்மா அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு நொடி பொறுத்தால் போதும். அம்மாவுக்காக ஒரே ஒரு நொடி. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறவளின் முகம் குறுக்கே வந்து நின்றது.

பாய்ந்து சொம்பைத் தட்டிவிட்டாள்.

"குடிக்காதீங்க! எங்க தண்ணிய யாரும் குடிக்காதீங்க!"

சொம்பு கல்லில் மோதி உருண்டது. தர்ஷிகாவின் சீருடை தொப்பலாக நனைந்தது. டீச்சர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

வரிசையின் கடைசியில் நின்றவர்கள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினார்கள்.

காரணத்தைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

அம்மாவின் கையில் கயிறு அப்படியே இருந்தது. கோபமெல்லாம் இல்லை. குரல்கூட உயரவில்லை.

"நீயும் அதையே சொல்றியாடி?"