கவிழ்த்து வைத்த புத்தகம்

விற்கப்போகும் வீட்டை, பார்க்க வருகிறவர்கள் மயங்கும்படி அலங்கரித்துக் கொடுப்பது டார்லாவின் தொழில். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பாதிப் பேர் தாங்களே செய்கிறோம் என்று வீட்டைக் கெடுத்து வைத்த பிறகுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

ஹெலன் நோவாக்கின் வரவேற்பறையில் நுழைந்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூப்பிட்டது என் பையன்தான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள் ஹெலன்.

"தெரியுதே மேடம், நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க! ஜன்னலோரமா ஒரு நாற்காலி. அதுல விரிச்சுக் கவிழ்த்து வெச்ச புத்தகம், அதுமேல மூக்குக்கண்ணாடி. யூடியூப் பாத்துச் செய்றவங்க எல்லாரும் இதையேதான் செய்றாங்க. வீடு வாங்க வர்றவங்க ஏமாற மாட்டாங்க."

"அது வந்தும்மா..."

"கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்ல பாருங்க, ஒரே விரல் ரேகை!"

ஹெலன் கையை நீட்டுவதற்குள் டார்லா கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து, புத்தகத்தை மூடி, இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஹெலன் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்ச் மாசம், ரொட்டி வாங்கிட்டு வந்து மீதியைப் படிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனார் என் வீட்டுக்காரர். ரோட்டுலயே மாரடைப்பு. அவர் வெச்சுட்டுப் போனதை இதுவரைக்கும் நான் தொட்டதே இல்லம்மா."

டார்லாவின் கையில் துடைத்த துணி அப்படியே இருந்தது.

அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை மெல்ல எடுத்தாள் ஹெலன்.

"எந்தப் பக்கத்துல விட்டிருந்தார்னு நீ பாத்தியாம்மா?"