உயர்ந்த ரகம்

ஒரே வாரத்தில் ஊரில் இரண்டு பழத்தோப்புகள் திருட்டுப்போய் மொட்டையாகிவிட்டன. மூன்றாவது தன்னுடையதாக இருக்கக் கூடாது என்பதில் கினுயே உறுதியாக இருந்தாள். அந்த யமனாஷி மலைச்சரிவில் அவளுடைய வெள்ளைப் பீச் பழத்துக்கு நிகரே கிடையாது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்; அவளே சொல்லியிருக்கிறாள்.

ஆகவே வாட்டசாட்டமான ஒரு வெளியூர்க்காரன் வேலியோரம் வந்து நின்று, பழ வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. பெயர் நாகாதானி என்றான். ஒசாகாவிலிருந்து இப்போதுதான் வந்தானாம். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"என்ன தெரியணும்?"

"பிளம் எது, ஆப்ரிகாட் எதுன்னே எனக்குத் தெரியாதும்மா. எல்லாத்துக்குள்ளயும் ஒரு கொட்டை இருக்கும், அவ்வளவுதான் தெரியும். இதுல எது ரொம்ப விலை போகும்?"

இந்தக் காலத்துத் திருடர்களுக்குக் கூச்சம்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே அழைத்துப் போய்ப் பொறுமையாகப் பாடம் நடத்தினாள். பிளம்மின் தோல் வழவழப்பு, ஆப்ரிகாட்டுக்குப் பூனைமுடி என்பதுவரை எல்லாம் உண்மை. பழத்துக்குப் பழம் காகித உறை மாட்டிய வெள்ளைப் பீச் மரங்களுக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தாள். எல்லாம் புழு விழுந்தவை, பார்க்கச் சகிக்காமல்தான் மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

தோப்பின் மறுகோடியில், மேட்டுக்கு அப்பால், பூவுக்காக மட்டும் வளர்த்த ஒரு பீச் மரம் இருந்தது. அதன் காய்கள் கல்லுக்குத் தங்கை. காட்டுப்பன்றிகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

"இதுதான் தம்பி எங்க பரம்பரைச் சொத்து. டோக்கியோவுல ஒவ்வொண்ணா பஞ்சுல வெச்சு விக்கிறாங்க. வெளியில சொல்லிடாதீங்க."

அவன் பயபக்தியோடு மரத்தைச் சுற்றி வந்தான். எந்தப் பக்கமாக ஆள் வர முடியும் என்றுகூட விசாரித்துக்கொண்டான். பிறகு இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

திருடன் அந்தக் காயைக் கடித்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்காருவதை நினைத்துச் சிரித்தபடியே கினுயே அன்று தூங்கினாள்.

காலையில் வெள்ளைப் பீச் மரங்களில் இலை மட்டும் மிச்சமிருந்தது. உறைகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. அவள் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, கசங்கிய போலீஸ் சீருடையில், கண் சிவக்க, முகம் நிறையப் பெருமையோடு வந்து சேர்ந்தார் நாகாதானி.

"ராத்திரி முழுக்க அந்த மரத்தடியை விட்டு நகரலம்மா. ஒரு காய்கூடப் போகல."