வேண்டிக்கொண்டபடி

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில், சிவபாக்கியத்தின் மடியில் ஒன்றரை வயது லாவண்யா தூங்கினாள். புது மொட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது.

"வேண்டுதலாங்க?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்மணி.

"ஆமாங்க. மூத்தவனுக்கு ரத்தத்துல கேன்சர். கூடப்பொறந்த புள்ள இருந்தா எலும்பு மஜ்ஜை பொருந்தலாம்னாரு டாக்டர். பொருந்துற மாதிரி ஒரு புள்ளையக் குடு, மொட்டை போடுறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

பெண்மணி கையிலிருந்த பேப்பரைத் தட்டினாள். "ரத்தம் ஊற வைக்கிற செல்லை லேப்லயே வளக்கப் பாக்குறாங்களாம். அது வந்துட்டா, குடுக்க ஆளே தேவையில்லையாம்."

"எப்ப வருமாம்?"

"அதுக்கு ரொம்ப வருசம் ஆகுமாம். உங்களுக்கு எதுக்குங்க அது? அதான் பாப்பா இருக்காளே. பொருந்துச்சா?"

"அப்படியே பொருந்துச்சுங்க."

"பாத்தீங்களா, முருகன் கைவிடல! மூத்தவன வீட்டுல விட்டுட்டா வந்தீங்க?"

குளிர்காற்று அடித்தது. சிவபாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள்.

"அவன் பதினாறாம் நாள் காரியத்தன்னைக்குத்தாங்க ரிசல்ட்டே வந்துச்சு. ஆனா, நான் கேட்டத முருகன் குடுத்துட்டான்ல? மொட்டை போட்டுத்தானே ஆகணும்."